ஆண்டவரை எழுப்புவோம்



கவலை என்றால் என்னவென்று நெடுந்தீவு மக்களுக்கு எவரும் பிரசங்கம் செய்து விளக்க வேண்டியதில்லை. சோளகம் பெலத்து அடிக்கும் நாளில் மாவலி இறங்குதுறையில் நின்று, குறிகட்டுவானிலிருந்து வரவேண்டிய படகை எதிர்பார்த்திருக்கும் தாய் அதை நன்கு அறிவாள். கடும் நோயாளியை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றாலும் கடலைக் கடந்தாக வேண்டும். இவற்றோடு அடகு வைத்த நகை, பிள்ளையின் பரீட்சை, வெளிநாடு போன மகனின் நிலை என்று எத்தனை பாரங்கள்!

மாற்கு நற்செய்தியின் 4-ம் அதிகாரத்திலும் இப்படியொரு கடற்பயணத்தைக் காண்கிறோம். புயல் எழும்புகிறது, படகில் தண்ணீர் நிரம்புகிறது, யேசுவோ பிற்பகுதியிலே தலையணையில் தலைசாய்த்து உறங்குகிறார். சீடர்களிற் சிலர் கடலோடே வாழ்ந்த மீனவர்கள். அவர்களே பயந்துபோனார்கள். எனவே பயம் வருவது பாவமன்று. யேசுவும் கெத்சமனித் தோட்டத்தில் மனங்கலங்கினார். தம்மோடு விழித்திருக்கும்படி மூன்று சீடரைக் கேட்டுக்கொண்டார்.

சீடர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றுண்டு. தங்கள் பயத்தை மூடி மறைக்காமல் ஆண்டவரை எழுப்பினார்கள். தங்கள்மேல் அக்கறையில்லையா என்று முறையிட்டார்கள். அவர் முதலில் காற்றை அடக்கினார். அதன் பின்னரே அவர்களுடைய விசுவாசக் குறைவைக் கண்டித்தார். உள்ளே பூட்டி வைத்த கவலை நம்மை அரிக்கும். ஆண்டவரிடம் சொல்லப்பட்ட கவலை செபமாகும்.

"அப்படியானால் குமுதினியில் போனவர்கள் செபிக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். 1985 மே 15-ந் திகதி காலை நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அந்தப் படகில், பெண்களும் பிள்ளைகளுமாக 20-க்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இதற்கு இலேசான விடை கிடையாது. சிலுவையில் தொங்கிய யேசுவும் "ஏன்?" என்றுதான் பிதாவைக் கேட்டார். புயல் வராது என்று விசுவாசம் நமக்கு உத்தரவாதம் தருவதில்லை. புயலிலும் சாவிலும் அவர் நம்மோடு ஒரே படகில் இருக்கிறார் என்பதே நம் விசுவாசம். குமுதினி அதன் பின்னரும் பல ஆண்டுகள் அதே கடலில் ஓடியது. தீவு மக்கள் அதில் ஏறினார்கள். பயம் அற்றுப்போனதாலா ஏறினார்கள்? இல்லை, பயத்தோடும் வாழவேண்டியிருந்ததால் ஏறினார்கள்.

ஆகவே அன்பர்களே, இன்றிரவு செபமாலை தொடங்குமுன் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தம் கவலை ஒன்றை வாய்விட்டுச் சொல்லட்டும். தகப்பனும் சொல்லட்டும், சின்னப் பிள்ளையும் சொல்லட்டும். ஒருவரையும் ஏளனம் செய்யவேண்டாம். பிறகு அவற்றையெல்லாம் ஆண்டவர் கையில் ஒப்படையுங்கள். நாளை செய்யவேண்டிய வேலையை நாளை செய்யுங்கள். நம் கைக்கு எட்டாததை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அயலவர் ஒருவர் பல நாளாக ஊணுறக்கமின்றித் தவித்தால் அவரைத் தனியே விடாதீர்கள். அவரோடு கூட இருங்கள். குருவானவரிடமும் வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவல்ல. கெத்சமனியில் சீடர்கள் தூங்கிவிட்டார்கள், நாமாவது விழித்திருப்போம்.

அலைகளை அடக்கிய ஆண்டவர் உங்கள் இல்லங்களுக்குத் தமது சமாதானத்தைத் தந்தருள்வாராக. ஆமென்.