கள்ளன் பொருளைக் காவலன் எடுக்கலாமா?

சென்ற மாதம் நமது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பஞ்சசீலத்தின் இரண்டாவது சீலத்தைக் குறித்துப் பேசி முடித்தபோது, இளைஞர் ஒருவர் எழுந்து கேள்வியொன்று கேட்டார். "ஐயா, கொடாததை எடுத்தல் குற்றம் என்கிறீர்கள். போதை மருந்து விற்றவனிடம் கைப்பற்றிய பணத்தைக் காவல் அதிகாரி ஒருவர் எடுத்துக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? விற்றவனுக்கு அதன்மேல் உரிமையில்லை. சர்க்கார் அதை உழைத்துச் சம்பாதிக்கவுமில்லை. உடையவனே இல்லாத பொருளை எடுப்பது எப்படிக் களவாகும்?"

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. கேள்வி நேர்மையானது, பலர் மனத்தில் இருந்தும் வாயில் வராதது. அன்று நேரம் போதாமையால் சுருக்கமாகவே விடை கூறினோம். முழு விடையை இங்கு எழுதத் துணிகிறோம்.

இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற வழக்கொன்று அமெரிக்காவில் நடந்து தீர்ப்பும் ஆகியிருக்கிறது. அதிற் களவு போனது பிட்காயின் என்னும் கிரிப்டோ நாணயம். இது கையிற் பிடிக்கும் காசன்று. உலகெங்குமுள்ள கணினிகளில் ஒருங்கே எழுதப்பட்டுவரும் பொதுப் பேரேடு ஒன்றின் வரவு செலவுக் குறிப்பே அது. 2009ஆம் ஆண்டில் தோன்றியது. அதைச் செலவிட ஒரு ரகசியச் சாவி வேண்டும். அச்சாவி இரும்பினால் ஆனதன்று, நீண்டதோர் எண். அந்த எண்ணை அறிந்தவன் எவனோ அவன் பொருளை எங்கிருந்தும் நகர்த்திவிடலாம். ஆகவே சர்க்கார் இப்பொருளைக் கைப்பற்றும்போது, பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாற் போதாது. சாவியின் நகல் எத்தனை பேரிடம் இருக்கிறது என்றே கேட்க வேண்டும்.

2011 முதல் 2013 அக்டோபர் வரை 'சில்க் ரோடு' என்னும் மறைவான இணையச் சந்தை ஒன்று நடந்துவந்தது. போதை மருந்துகளே அதன் முக்கியச் சரக்கு; பிட்காயினே அதன் செலாவணி. அதை நடத்திய ராஸ் உல்பிரிக்ட் என்பவர் 2015இல் ஆயுள் தண்டனை பெற்று, 2025 ஜனவரியில் அந்நாட்டு ஜனாதிபதியின் மன்னிப்பால் விடுதலையானார். அவரைத் தேடிய பால்டிமோர் நகரக் குழுவில் இரண்டு அதிகாரிகள் இருந்தனர். ஒருவர் போதை மருந்துத் தடுப்புத் துறையைச் சேர்ந்த கார்ல் போர்ஸ். மற்றவர் சீக்ரெட் சர்வீஸ் என்னும் துறையைச் சேர்ந்த ஷான் பிரிட்ஜஸ். கணினி நுட்பம் அறிந்தவர்.

2013 ஜனவரியில் அச்சந்தையின் ஊழியர் ஒருவர் பிடிபட்டார். தமது கணக்கைத் திறக்கும் கடவுச்சொல்லை அவர் அதிகாரிகளிடம் ஒப்புவித்தார். அதைக் கொண்டு பிரிட்ஜஸ் சந்தையிலிருந்து ஏறத்தாழ 20,000 பிட்காயின்களைத் தம் வசம் மாற்றிக்கொண்டார். பின்னர் விற்று ஏறத்தாழ 8,20,000 டாலர் பெற்றார். பழி யார்மேல் விழுந்தது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். கடவுச்சொல்லுக்கு உரியவரான ஊழியர் மேலேயே விழுந்தது. அவரே திருடினார் என நம்பிய சந்தைத் தலைவர், அவரைக் கொல்வதற்கு 80,000 டாலர் கொடுத்தார் என்பது வழக்கின் ஆவணங்களில் உள்ள செய்தி. அத்தொகையைப் பெற்றவர் கடத்தற்காரரைப் போல வேடம் பூண்டு இணையத்தில் பேசிவந்த அதிகாரியாகிய போர்ஸே! கொலை நடக்கவில்லை, நடந்ததுபோல் நடித்துக் காட்டினர். எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த வேலை உண்மையான கொலைகாரன் ஒருவனிடம் போயிருக்குமாயின், காவலன் செய்த களவுக்கு வேறொருவன் உயிர் விலையாகியிருக்கும்.

போர்ஸும் தம் பங்குக்கு விசாரணையின் ரகசியங்களைச் சந்தைத் தலைவருக்கு விலைக்கு விற்றார். சர்க்கார் பெயரில் வாங்கிய பிட்காயின்களையும் தம் சொந்தக் கணக்கிற் சேர்த்துக்கொண்டார். 2015 அக்டோபரில் அவருக்கு ஆறரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பிரிட்ஜஸுக்கு அதே ஆண்டு டிசம்பரில் 71 மாதச் சிறை.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். முடியவில்லை. சீக்ரெட் சர்வீஸ் 2014இல் கைப்பற்றி வைத்திருந்த ஏறத்தாழ 1,600 பிட்காயின்களின் ரகசியச் சாவியைப் பிரிட்ஜஸ் அறிந்திருந்தார். அவர்மீது வழக்குத் தொடரப்பட்ட பின்னரும் அச்சாவி மாற்றப்படவில்லை. பொருளை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று அத்துறைக்கு எச்சரிக்கை வந்தும் மாற்றவில்லை. 2015 ஜூலையில், தம் முதற் களவுக்குத் தண்டனை எதிர்நோக்கி வெளியே இருந்த காலத்திலேயே, அவர் அதையும் நகர்த்திவிட்டார். அது எப்போது வெளிப்பட்டது? பொருளில் ஒரு பகுதியை உரிமை கோரியவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று நீதிமன்றம் ஆணையிட்ட போது, பெட்டியைத் திறந்து பார்த்தனர், காலி! அன்று ஏறத்தாழ 3,60,000 டாலர் மதிப்புள்ளதாக இருந்த அப்பொருள், 2017 நவம்பரில் அவருக்கு மேலும் 24 மாதச் சிறை விதிக்கப்பட்டபோது 1 கோடியே 13 லட்சம் டாலர் பெறுமானம் உடையதாயிருந்தது. அதிற் பெரும்பகுதியைத் திருப்பி ஒப்படைக்கும்படி ஆயிற்று.

இளைஞரின் கேள்விக்கு முதல் விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. உடையவனில்லாத பொருள் என்றார். உடையவர்கள் நீதிமன்ற ஆணையுடன் வந்து வாயிலில் நின்றார்கள். சர்க்கார் ஒரு பொருளைக் கைப்பற்றுவதால் அது அநாதையாகிவிடுவதில்லை. தீர்ப்பு வரும்வரை அது வழக்கின் சாட்சி. குற்றம் சாட்டப்பட்டவன் நிரபராதியாயின் அவனுடையது. ஏமாந்தவர் உளராயின் அவர்களுடையது. எவரும் இல்லையாயின் நாட்டு மக்கள் அனைவருடையது. இத்தனை பேர் சார்பில் ஒருவன் கையிற் கொடுத்து வைக்கப்பட்டதையே காவலிற் பொருள் என்கிறோம். வெளித் திருடன் ஒருவன் வீட்டில் ஒரு முறை திருடுகிறான். காவலிலிருந்து திருடுபவனோ, யாருடையது என்று இன்னும் தீராத பொருளைத் திருடுவதால், உரிமையுள்ள ஒவ்வொருவனிடமும் திருடுகிறான். வேலியே பயிரை மேய்ந்தது என்று நம் பெரியோர் இதைத்தான் சொன்னார்கள்.

இது இன்று நேற்றுத் தோன்றிய கேடு என்று நினைக்க வேண்டாம். விநய பிடகத்தில், கொடாததை எடுத்த பிக்கு சங்கத்தினின்று நீங்குவான் என்ற விதி பிறந்த வரலாறே இத்தகையதுதான். ராஜகிருகத்தில் தனியர் என்னும் பிக்கு இருந்தார்; குயவர் மகன். குடிசை கட்ட மரம் வேண்டி அரசனுடைய மரக்கிடங்குக் காவலனிடம் சென்றார். அம்மரம் நகரைப் பழுதுபார்க்கவும் ஆபத்துக் காலத்துக்குமாக ஒதுக்கி வைத்தது. அரசன் கொடுத்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான் காவலன். அரசன் கொடுத்துவிட்டான் என்றார் தனியர். துறவி பொய் சொல்லமாட்டார் என்று காவலன் நம்பினான். மந்திரி வஸ்ஸகாரன் வந்து பார்த்தபோது மரம் இல்லை. கட்டுண்டவன் யார்? காவலன்! தனியர் அதைக் கண்டு தாமும் உடன் சென்றார். பிம்பிசாரன் முன் நின்று, பட்டமேற்றபோது புல்லும் மரமும் நீரும் துறவிகளுக்கு அளித்தேன் என்று தாங்கள் அறிவிக்கவில்லையா என்றார். அது காட்டில் உடையவரின்றிக் கிடப்பதைக் குறித்தது என்றான் அரசன். துறவிக் கோலத்தை எண்ணித் தண்டியாமல் விட்டான்.

அரசன் விட்டான், மக்கள் விடவில்லை. சாக்கிய முனிவரின் துறவிகள் இப்படியா என்று ஊரார் இகழ்ந்தனர். பகவான் புத்தர் தனியரைக் கண்டித்தார். முன்னாள் நீதியமைச்சராயிருந்து துறவு பூண்ட பிக்கு ஒருவரை அழைத்து, எவ்வளவு பொருள் திருடியவனை அரசன் தண்டிப்பான் என்று வினவினார். ஒரு பாதம், அதாவது அக்காலத்துக் காசிற் காற்பங்கு, என்றார் அவர். அதுவே பிக்குவுக்கும் அளவாயிற்று. நாம் இதிலிருந்து இரண்டு உண்மைகளைப் பெறுகிறோம். பொதுப்பொருளை 'எவருடையதும் அன்று' என்று சொல்லி எடுப்பது பழைய சூழ்ச்சி. அதைப் பகவான் ஏற்கவில்லை. இரண்டாவது, உடையின் மரியாதை காரணமாகக் குற்றத்தின் அளவு குறைவதில்லை. சீவரம் அணிந்தவனுக்கும் சந்தை வீதியில் நடப்பவனுக்கும் ஒரே அளவுகோல்.

நாம் ஆலையில் வேலை செய்த காலத்தில் கண்ட ஒன்றையும் இங்கு சொல்லியாக வேண்டும். ஷிப்டு முடிந்து வெளிவரும் ஒவ்வொரு தொழிலாளியையும் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். கூட்டிப் பெருக்கும் முதியவர் ஒருவர் மடியில் கையளவு கழிவுப் பஞ்சு இருந்தது. எண்ணெய்க் கையைத் துடைக்க வைத்திருந்தேன், மறந்துபோய்க் கொண்டுவந்துவிட்டேன் என்று அழுதார். அன்றே வேலை போயிற்று. சில மாதங்கள் கழித்துக் கிடங்கைக் கணக்குப் பார்த்தபோது பேல் பேலாக நூல் குறைந்திருந்தது. கிடங்குச் சாவி ஒருவரிடமே இருந்தது. அவரைக் கேட்டில் எவரும் நிறுத்திச் சோதித்ததில்லை. கணக்கின்றி நம்பப்படுகிறவன் ஓரிடத்தில் இருப்பானாயின், காரணமின்றிச் சந்தேகிக்கப்படுகிறவன் இன்னோரிடத்தில் இருப்பான். மரக்கிடங்குக் காவலனும், சந்தை ஊழியரும், அந்த முதியவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

தூர தேசத்துக் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டிலும் விசாரணைத் துறைகள் கிரிப்டோ சொத்துக்களைக் கைப்பற்றி வருகின்றன. 2023 மார்ச்சில் அவை பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. 2018இல் புனே நகரப் பிட்காயின் மோசடி வழக்குகளில் புலனாய்வுக்குத் துணையாக அழைக்கப்பட்ட நிபுணர் இருவரை, அவ்விசாரணையில் கிடைத்த நாணயத்தைத் தம் வசம் மாற்றினர் என்னும் குற்றச்சாட்டின்மேல், அந்நகரப் போலீஸாரே 2022 மார்ச்சிற் கைது செய்தனர். குற்றம் உண்டா இல்லையா என்று கூறுவது நீதிமன்றத்தின் வேலை. நாம் சொல்வது, கேள்வி நம் வாயிலுக்கும் வந்துவிட்டது என்பதே.

இனி, பரிகாரம் என்ன? நல்லவர்களை நியமித்தாற் போதும், சோதனை அவர்களுக்கு அவமதிப்பு என்பார் உளர். மழைக்காலத் தங்கல் முடிவில் பிக்குகள் கூடிச் செய்யும் பவாரணையை இவர்கள் நினைக்க வேண்டும். மூத்தவர் முதற்கொண்டு ஒவ்வொருவரும் சங்கத்தின் முன், என்னிடம் குற்றம் கண்டிருந்தாலும், கேட்டிருந்தாலும், சந்தேகித்திருந்தாலும் இரக்கத்தோடு எடுத்துச் சொல்லுங்கள் என்று வேண்டிக்கொள்வர். பகவானே ஒரு பவாரணை நாளில், தமது செயலிலும் சொல்லிலும் குறை உண்டோ என்று பிக்குகளிடம் வினவியதாகச் சுத்தங்கள் கூறுகின்றன. முற்றும் உணர்ந்தவருக்கே அவமதிப்பாகத் தோன்றாத ஒன்று, சம்பளம் பெறும் அதிகாரிக்கு எங்ஙனம் அவமதிப்பாகும்?

பிட்காயின் பேரேட்டை உலகில் எவரும் பார்க்கலாம். அதைப் பின்தொடர்ந்தே இவ்விருவரின் களவும் துலக்கப்பட்டது. ஆயினும் அந்தத் திறந்த பேரேடு களவைத் தடுக்கவில்லை. பார்க்கக் கூடியவர் அனேகர். பார்த்தே ஆகவேண்டிய கடமையுடையவர் ஒருவருமிலர். அமெரிக்க நீதித்துறையின் தணிக்கையாளர் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கையும், கைப்பற்றிய கிரிப்டோவைக் காக்கும் மார்ஷல் துறையில் சேமிப்புக்கும் எண்ணிக்கைக்கும் மதிப்பீட்டுக்கும் போதிய விதிகள் இல்லையெனக் குறை கூறிற்று. 2025 மார்ச்சில் அந்நாடு பறிமுதலான பிட்காயின்களை விற்காமல் நாட்டின் சேமிப்பாக வைத்துக்கொள்ள ஆணை பிறப்பித்தது. காவலிற் பொருள் பெருகப் பெருகக் கணக்கும் பெருக வேண்டுமன்றோ?

வேண்டுவன அரியவை அல்ல. ஒரு சாவியால் எவரும் திறக்கலாகாது. இருவர் மூவர் சேர்ந்தே திறக்கும்படி அமைக்கும் வழி இந்நாணயத்திலேயே உண்டு. கைப்பற்றிய அன்றே எண்ணிக்கையை நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகாரிமீது ஐயம் எழுந்த நாளிலேயே சாவி மாற வேண்டும். கைப்பற்றிய துறை அல்லாத வேறொருவர் காலந்தோறும் எண்ணிப் பார்த்து மக்களுக்கு அறிவிக்க வேண்டும். பிரிட்ஜஸுக்கு விதித்த சிறைத்தண்டனை நீதியே. ஆனால் எச்சரிக்கை வந்தும் சாவியை மாற்றாதவர்கள் மக்களுக்கு என்ன விடை கூறினர் என்று கேட்பதும் நீதியின் பகுதியே.

அந்த இளைஞருக்கு இன்னும் ஒன்று சொல்வோம். நமது சங்கத்தின் உண்டியலும் காவலிற் பொருளே. சாவுச் செலவுக்கும் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் ஏழைகள் போட்ட காசு அது. இதுவரை சாவி நம் ஒருவரிடமே இருந்தது. எவரும் ஐயுற்றதில்லை; எவரும் எண்ணிப் பார்த்ததுமில்லை. இக்கட்டுரையை எழுதும்போது அது நம் நெஞ்சை உறுத்திற்று. வரும் ஞாயிறு முதல் பூட்டு இரண்டு. ஒரு சாவி அவரிடம் இருக்கும். மாதக் கணக்கு கூடத்துச் சுவரில் ஒட்டப்படும். குறை கண்டவர், கேட்டவர், ஐயுற்றவர் எழுந்து சொல்லலாம்.