சினையாட்டின் நடை



இன்று திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. முதல் வாசகத்தில் எசாயா ஆண்டவருடைய வருகையை அறிவிக்கக் கேட்டோம். பள்ளத்தாக்கு நிரம்பும், மலை தாழும் என்று பெரிதாகத் தொடங்குகிறவர், கடைசியில் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவது ஓர் ஆயரை. அவர் குட்டிகளை மார்போடு அணைத்திருக்கிறார். சினையாடுகளைப் பார்த்துப் பார்த்து நடத்துகிறார். வரப்போகிற கடவுள், வயிற்றுச் சுமையோடு நடக்கும் ஓர் ஆட்டின் வேகத்தில் வருகிறார்!

சித்தூர், புத்தூர், நகரி, சத்தியவேடு என்று இந்தப் பக்கத்தில் வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசி வாழ்கிற நமக்கு இந்த வசனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஆனியில் கிடா சேர்ந்த ஆடு கார்த்திகையில் ஈனும். திருச்சபை மீட்பரின் பிறப்புக்காகக் காத்திருக்கும் இதே வாரங்களில், உங்களில் பலருடைய கொட்டகையிலும் ஒரு காத்திருப்பு நடக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கோவிலில் ஆட்டைப் பற்றிப் பேசலாமா என்று யாரும் தயங்க வேண்டாம். யோபுவிடம் கடவுளே கேட்ட கேள்வி இது: மலையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா, அது சுமக்கும் மாதங்களை நீ எண்ணியிருக்கிறாயா என்று.

நம் அம்மாக்கள் எண்ணியிருக்கிறார்கள். கிடா சேர்ந்த நாளைச் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணினார்கள். இன்று காலண்டரில் வட்டம் போடுகிறீர்கள். அந்த வட்டம் நெருங்கும்போது ஆடே பேசத் தொடங்கிவிடும். மடி இறங்கும், ஈனும் நாளில் பால் கட்டிக் காம்பு பளபளவென்று விறைத்து நிற்கும். வாலடியில் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். பென்சில் கனத்தில் இரண்டு நாண்கள் கைக்குத் தட்டுப்படும். நாள் நெருங்க நெருங்க அவை இளகும். தொட்டால் நாணே தெரியாமல் வாலைச் சுற்றிக் குழி விழுந்துவிட்டதென்றால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி வந்துவிடும். பிறகு ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும், காலால் தரையைச் சுரண்டும், படுக்கும், எழும், திரும்பித் தன் வயிற்றையே பார்க்கும். வழுவழுப்பான திரவம் கசியும். அந்த இரவு ஒரு விளக்கும், காய்ந்த வைக்கோலும், பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால் போதும். பெரும்பாலான ஆடுகள் தாமாகவே ஈன்றுவிடும்.

ஆனால் எல்லா ஆடும் அப்படி ஈனுவதில்லை. என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கார்த்திகை அடைமழை, மூன்று நாள் மேய்ச்சல் இல்லை. எங்கள் கருப்பாடு நிறை சினை. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. முதல் நாள் தழையை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் மூலையில் தனியாக நின்று பல்லை நறநறவென்று கடித்தது. மூச்சில் அழுகிய மாம்பழம் போல ஒரு வாடை. ஈனப்போகிறது, அதனால்தான் ஒதுங்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். செபமாலை சொன்னேன். மருந்துக்குப் போகவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை அது எழவில்லை. வயிற்றுக்குள் இரண்டு குட்டிகள் இருந்தன. அம்மா என்னை அடிக்கவில்லை. “ஆடு மூணு நாளா சொல்லிச்சுடா, நீ கேக்கல” என்று மட்டும் சொன்னார்.

அந்த நோயின் கதையைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வயிற்றுக்குட்டி மிகுதியும் வளர்வது கடைசி ஆறு வாரத்தில். இரட்டை, மூன்று குட்டி என்றால் கருப்பை பெருத்து இரைப்பைக்கு இடமே இராது. ஆட்டால் ஒரே வேளையில் நிறையத் தின்ன முடியாது. அந்த நேரத்தில் மழையென்று கட்டிப்போட்டுத் தீனியும் குறைந்தால், அது தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் குட்டிகளுக்குக் கொடுக்கிறது. அப்படிக் கரையும்போது உண்டாகும் நச்சு அதன் இரத்தத்தில் ஏறிவிடுகிறது. மூச்சில் வந்த அந்த இனிப்பு வாடை அதுதான். தாய் தன்னையே உருக்கிப் பிள்ளைக்கு ஊட்டிச் சாகிறாள். பலிபீடத்தின் முன் நிற்கும்போது இதை எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

ஆகவே கடைசி மாதத்தில் மழை பெய்தாலும் சினையாட்டுக்குத் தீனி குறையக் கூடாது. காய்ந்த கடலைக்கொடி, தழை, அதோடு கொஞ்சம் சோளமோ கம்போ, சிறிது சிறிதாகப் பல வேளை கொடுங்கள். ஒரேயடியாகத் தானியத்தைக் கொட்டினாலும் கெடுதல். ஒரு வேளை தீனியைத் தொடாமல் சோர்ந்து நின்றால் மறுநாள் வரை காத்திராதீர்கள்.

பேறு தொடங்கிய பிறகும் அப்படியே. முன்னங்கால் இரண்டும், அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் குட்டி சரியாக வருகிறது என்று பொருள். பனிக்குடம் உடைந்து, ஆடு பலமாக முக்கி, அரை மணி நேரத்துக்கு மேலாகியும் ஒன்றும் நகரவில்லை, அல்லது வால் மட்டுமோ ஒற்றைக் கால் மட்டுமோ தெரிகிறது என்றால், இழுக்காமல் ஆள் அனுப்புங்கள். 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கேட்கலாம். திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்தவர்கள் நம் சுற்றுவட்டாரத்தில் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய அறிவும் ஆண்டவர் கொடுத்ததே. நஞ்சுக்கொடி பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விழவில்லையென்றாலும் கையால் பிடித்து இழுக்காமல் அவர்களிடமே சொல்லுங்கள்.

கருவுற்றிருக்கும் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆடு குறைமாதத்தில் குட்டியைப் போட்டுவிட்டால் நீங்கள் அந்தக் குட்டியையும் நஞ்சுக்கொடியையும் தொடவே கூடாது. மற்றவர்கள் கையுறையோடு எடுத்து ஆழமாகப் புதைக்கட்டும். ஆட்டைக் கருச்சிதைய வைக்கும் சில நோய்கள் மனிதரையும் தொற்றும். திருத்தூதர் பவுல் கப்பல் உடைந்து கரையேறிய மால்டா தீவில், பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, விடாத காய்ச்சல் ஒன்று படைவீரர்களை வாட்டியது. 1887இல் டேவிட் புரூஸ் என்ற மருத்துவர் அதன் கிருமியைக் கண்டார். அது ஆட்டின் வழியாக வருகிறது என்று 1905இல் கண்டுபிடித்தவர் தெமிஸ்டாக்ளிஸ் சம்மித் என்ற மால்டா மருத்துவர். பார்வைக்கு நல்ல திடமான ஆடுகள். அவற்றின் காய்ச்சாத பாலில் நோய் இருந்தது. பாலைக் காய்ச்சியே குடியுங்கள்.

இப்போது யாக்கோபிடம் வருவோம். இருபது ஆண்டு மாமனார் லாபானிடம் ஆடு மேய்த்தவர், பிரியும் நேரத்தில் தம் உழைப்புக்குச் சாட்சியாக எதைச் சொன்னார் தெரியுமா? உம்முடைய செம்மறிகளுக்கும் வெள்ளாடுகளுக்கும் இத்தனை ஆண்டில் கரு கலையவில்லை என்றார். எவ்வளவு பெருக்கினேன், எவ்வளவு சம்பாதித்தேன் என்று அவர் தொடங்கவில்லை. இரவில் குளிரையும் பகலில் வெயிலையும் தாங்கி விழித்திருந்த ஒருவனால்தான் அப்படிச் சொல்ல முடியும். அதே யாக்கோபு பின்னர் அண்ணன் ஏசாவோடு சேர்ந்து நடக்க மறுத்தார். பால் கொடுக்கும் ஆடுகளும் சிறு பிள்ளைகளும் என்னோடு இருக்கிறார்கள், ஒரு நாள் விரட்டினால் மந்தை மாண்டுபோகும், நீங்கள் முன்னே போங்கள், நான் மெல்ல வருகிறேன் என்றார்.

2021 நவம்பரில் ராயலசெருவு ஏரி உடைந்துவிடும் என்ற அச்சத்தில் ஊர் ஊராக மக்கள் வெளியேற்றப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அவசரத்தில் எதை விட்டுவிட்டு ஓடுவது என்ற கேள்வி அன்று பல வீடுகளில் எழுந்திருக்கும். பின்தங்கி நடக்கிற உயிரை விட்டுவிடாதவர் நம் ஆயர். தாவீதைக் கூட பால் கொடுக்கும் ஆடுகளின் பின்னாலிருந்துதான் அவர் அழைத்தார் என்று திருப்பாடல் சொல்கிறது. அந்த ஆடுகளின் பின்னால் நின்று பழகியவனிடம்தான் தம் மக்களை நம்பிக் கொடுத்தார்.

நம் வீடுகளில் அப்படிப் பின்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் எழுந்து கொட்டகைக்குப் போய், வாலடியைத் தடவிப் பார்த்து, பிறந்த குட்டியின் மூக்கைத் துடைத்து, தொப்புளில் டிங்சர் அயோடின் தொட்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்கிறவர்கள். தாயே, எசாயா இறைவனுக்குச் சூட்டிய வேலை உன் கையில் இருக்கிறது. அதைக் கூலியில்லாத சில்லறை வேலை என்று உன் வீட்டார் இனிச் சொல்லாதிருக்கட்டும்.

ஓய்வுநாளில் உங்கள் மாடு கிணற்றில் விழுந்தால் உடனே தூக்கிவிட மாட்டீர்களா என்று ஆண்டவர் இயேசு கேட்டார். ஆகவே இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாருடைய ஆடாவது காலையில் நாண் இளகித் தனியாக நின்றிருந்தால், காணிக்கைப் பாடலுக்கு முன்பே எழுந்து போங்கள். மனம் உறுத்த வேண்டாம். மாலையில் நற்கருணையோடு நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். குட்டிகளையும் பார்த்துவிட்டு வருகிறேன்.