மாநிலம் மாறினாலும் மருத்துவர் மருத்துவரே!

கன்று போட்ட மறுநாள் கறவைமாடு படுத்துவிட்டது. தட்டி எழுப்பினாலும் எழவில்லை. காது சில்லிட்டிருக்கிறது. கழுத்தை மடக்கித் தலையை விலாவில் சாய்த்துக் கிடக்கிறது. வீட்டில் அழுகை தொடங்கிவிட்டது. நீங்கள் போகிறீர்கள். கழுத்துச் சிரையில் கால்சியம் ஏற்றுகிறீர்கள். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் மார்பில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமல் பொறுமையாக ஏற்றுகிறீர்கள். பாட்டில் தீரும் நேரத்தில் மாடு ஏப்பம் விடுகிறது, சாணி போடுகிறது, பின்னங்கால்களை ஊன்றித் தடுமாறி எழுந்து நிற்கிறது.

இந்தக் கைகளை வைத்துக்கொண்டா, "கல்யாணமாகிப் பெங்களூருக்கு வந்துவிட்டேன், என் பதிவு தமிழ்நாட்டில் இருக்கிறது, இனி எங்கே பிராக்டிஸ்?" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

எழுந்திருங்கள், டாக்டர்! ஐந்தரை ஆண்டு படித்து, அதில் ஓராண்டு பயிற்சி மருத்துவராகச் சாணியிலும் சேற்றிலும் நின்று வாங்கிய பட்டம் அது. ஓசூர் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் காலாவதியாகிவிடாது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தை எத்தனை பேர் புரட்டிப் பார்த்திருக்கிறோம்? மத்தியப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் எந்த மாநிலத்திலும் தொழில் செய்யலாம் என்கிறது அந்தச் சட்டம். வேறு மாநிலத்திலேயே தங்கித் தொழில் செய்பவர், தம் பெயரை அந்த மாநிலப் பதிவேட்டுக்கு மாற்றித் தரும்படி இந்தியக் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கலாம். கவுன்சில் உத்தரவிட்டால் பழைய மாநிலம் பெயரை நீக்க வேண்டும், புதிய மாநிலம் சேர்க்க வேண்டும். இரண்டும் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். இதற்கான கட்டணம் புதிய மாநிலத்தின் புதுப்பித்தல் கட்டணத்தைத் தாண்டக்கூடாது. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தாலோ, விண்ணப்பத்தில் நேர்மை இல்லை என்று தோன்றினாலோ மட்டுமே மறுக்கலாம். அப்போதும் உங்கள் தரப்பைக் கேட்ட பிறகுதான் மறுக்க முடியும். இது யாரோ மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல, உங்கள் உரிமை! கவுன்சில் வாசலில் கூனிக் குறுகி நிற்காதீர்கள்.

உரிமை உள்ளவருக்குக் கடமையும் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும். கட்டணம் கட்டி மீட்கலாம் என்றாலும், பதிவு மாற்றம் கேட்கும் நேரத்தில் அது வீண் அலைச்சல். ஆகவே முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். பட்டச் சான்று, பதிவுச் சான்று, புதுப்பித்த ரசீது, புதிய முகவரிக்கான ஆதாரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். பழைய மாநிலக் கவுன்சிலின் தடையில்லாச் சான்று வேண்டுமா, எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம் என்று இரண்டு அலுவலகங்களிலும் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் யாரோ சொன்னதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒப்புகை வாங்குங்கள். பதிலே வரவில்லையா? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எதற்கு இருக்கிறது? விண்ணப்பம் யார் மேசையில் நிற்கிறது என்று ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. உதைக்கிற எருமையிடம் ரத்தம் எடுக்கத் தெரிந்த உங்களுக்கு ஒரு கோப்பை நகர்த்தத் தெரியாதா?

"ஊர் புதிது, பாஷை தெரியாது" என்பீர்கள். உண்மைதான், அதற்கு உழைக்கத்தான் வேண்டும். காங்கேயத்தையும் உம்பளாச்சேரியையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கர்நாடகத்தில் ஹல்லிகர் நிற்கும், குஜராத்தில் கிர் நிற்கும், கட்ச் பக்கம் போனால் ஒட்டகமே நிற்கும். கற்றுக்கொள்ளுங்கள்! கர்நாடக மாட்டுக்காரர் "காலு பாயி ஜ்வரா" என்றால் அது நம்மூர்க் கோமாரி. ஆந்திரத்தில் அதையே "காலிகுண்டு" என்பார்கள். நோய்களின் உள்ளூர்ப் பெயர், தீவனத்தின் பெயர், "எப்போதிலிருந்து சாப்பிடவில்லை?" என்ற கேள்வி, இவ்வளவு தெரிந்தால் முதல் வாரத்தை ஓட்டிவிடலாம். மற்றதைத் தொழுவமே கற்றுத் தரும்.

நம் தாத்தாக்கள் வெக்கை நோய் என்று சொல்லி நடுங்கினார்களே, அது இன்று உலகிலேயே இல்லை. 2011இல் முற்றாக ஒழிந்ததாக அறிவித்தார்கள். அது மாவட்டம் பார்த்து, மாநிலம் பார்த்துப் பரவிய நோயல்ல. ஊர் ஊராக, நாடு நாடாகத் தடுப்பூசியோடு நடந்தவர்களால் ஒழிந்தது. நீங்கள் அவர்களின் வாரிசு.

பெண் மருத்துவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கணவருக்கு வேலை மாற்றம் என்றதும் முதலில் மூட்டைகட்டி வைக்கப்படுவது உங்கள் தொழில்தான். "குழந்தை கொஞ்சம் வளரட்டும்" என்பார்கள், "மாட்டு வைத்தியம் உனக்கு எதற்கு" என்பார்கள். வீடு மாறும்போது சமையல் எரிவாயு இணைப்பை மாற்றுகிறோம், குழந்தையின் பள்ளியை மாற்றுகிறோம். அந்தப் பட்டியலில் உங்கள் பதிவு மாற்றத்தையும் எழுதுங்கள், முதல் வரியில் எழுதுங்கள்! வேலை கிடைத்த பிறகு மாற்றலாம் என்று தள்ளிப்போட்டால், வேலை வரும் நாளில் காகிதம் கையில் இருக்காது.

குறுக்குவழி மட்டும் வேண்டாம். பதிவே இல்லாமலோ, காலாவதியான பதிவோடோ, இன்னொருவர் பெயர்ப்பலகைக்குப் பின்னால் நின்று ஊசி போடாதீர்கள். நாளைக்கு ஒரு மாடு இறந்து வழக்கு வந்தால் உங்கள் படிப்பு முழுவதும் கூண்டில் நிற்கும்.

இன்று இரவே அலமாரியைத் திறந்து பதிவுச் சான்றிதழை வெளியே எடுங்கள், டாக்டர். தேதியைப் பாருங்கள். நாளைக் காலை விண்ணப்பம் கிளம்பட்டும்!