நிருபரின் தெரு

பத்திரிகைக்காரனுக்கு நம்மிடையே மூன்று பெயர்கள் வழங்குகின்றன. ஆங்கிலம் படித்தவர்கள் 'ரிப்போர்ட்டர்' என்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் 'இதழியலாளர்' என்கிறார்கள். எங்கள் பக்கத்தில், அச்சன்புதூர், வடகரை, பண்பொழி என்று மலையடிவாரத்தில் கிடக்கும் ஊர்களில், இன்னும் 'நிருபர்'தான். நிருபம் என்றால் கடிதம். பவுல் கொரிந்தியருக்கு எழுதியவை தமிழ் பைபிளில் நிருபங்கள். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவரல்லாதவர் காதிலும் இந்தச் சொல் விழுந்திருக்கும். ஆக நிருபர் கடிதம் எழுதுகிறவர். தான் யார், எங்கிருந்து எழுதுகிறோம் என்பதை மறைக்காமல் ஓர் ஊரிலிருந்து வேறு ஊர்களுக்கு எழுதுகிறவர். 'ரிப்போர்ட்டர்' என்ற சொல்லில் இந்த அர்த்தம் இல்லை. 'இதழியலாளர்' என்பதில் எந்த அர்த்தமும் இல்லை.

சொல்லாராய்ச்சி செய்ய எனக்கு ஆசையில்லை. பத்திரிகைத் தொழில் எப்படி மாறிவருகிறது என்பது பற்றிய ஆராய்ச்சிகளைச் சில காலமாகப் படித்து வருகிறேன். வங்கிக் குமாஸ்தாவுக்கு இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பார்க்கிறவனைப் பார்ப்பது, சாட்சியையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவது என்ற காரியத்தில் ஒரு தார்மிகப் பிரச்னை இருக்கிறது. அது இலக்கிய விமர்சனம் எழுதுகிற நமக்கும் பொதுவானது.

இத்துறையில் எனக்குப் பிடித்தமான ஆராய்ச்சி மிகப் பழையது, மிகச் சிறியது. 1949 பிப்ரவரியில் டேவிட் மானிங் வைட் என்ற அமெரிக்கர், ஒரு நடுத்தர நகரத்துப் பத்திரிகையில் தந்திச் செய்திகளைப் பொறுக்குகிற ஆசிரியரிடம் ஓர் உதவி கேட்டார். ஒரு வாரத்துக்கு, நீங்கள் ஒதுக்கும் செய்திகளைக் குப்பையில் போடாமல் வைத்திருங்கள். ராத்திரி வேலை முடிந்ததும், ஒவ்வொன்றையும் ஏன் ஒதுக்கினீர்கள் என்று அதன் மேலேயே எழுதுங்கள். அந்த மனிதரும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அச்சேறியது. மற்றவற்றின் மேல் அவர் எழுதிய காரணங்களில் சில இடமில்லை என்கின்றன, சில பிரசாரம் என்கின்றன, சில வெறும் எரிச்சல். 1950-இல் வெளியான கட்டுரையில் வைட் அவருக்கு 'மிஸ்டர் கேட்ஸ்' என்று பெயர் சூட்டினார். வாசல்காப்போன் என்ற உருவகத்தைக் கர்ட் லெவினிடமிருந்து எடுத்துக்கொண்டார். சாப்பாடு எந்தெந்த வாசல்களைத் தாண்டி வீட்டு மேஜைக்கு வந்து சேருகிறது என்று ஆராய்ந்தவர் லெவின்.

நாள் முழுதும் உழைத்துவிட்டு, ராத்திரியில் தன் விருப்பு வெறுப்புகளைத் தானே எழுதிவைக்கிற அந்த மத்திய வயதுக்காரரை நினைத்தால் எனக்கு மரியாதை உண்டாகிறது. நம் ஆசிரியர்களில் எத்தனை பேர் திருப்பியனுப்பிய கவிதையின் மேல் உண்மையான காரணத்தை எழுதுவார்கள்? ஆனால் இந்த ஆராய்ச்சி வாசலில் ஆரம்பித்து வாசலிலேயே முடிந்துவிடுகிறது. வாசல் வரைக்கும் வந்ததை மட்டும் எண்ணுகிறது. புறப்படாமலே போன செய்தி எவ்வளவு என்று கேட்க அதற்கு வழியில்லை. அதன்பின் வந்த பெரும்பாலான ஆராய்ச்சிகளும் ஆசிரியர் குழு உட்காரும் அறையைவிட்டு வெளியே அவ்வளவாக வரவில்லை. இப்போது அந்த அறையில் கம்ப்யூட்டர் வந்தது, ஆட்கள் குறைந்தார்கள், ஒருவரே எழுதிப் படமெடுத்துத் தலைப்பும் போடுகிறார், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்காட்டும் பலகை சுவரில் தொங்குகிறது, இனி இயந்திரமே எழுதும் என்றெல்லாம் ஆராய்கிறார்கள். எல்லாம் சரி. எங்கள் பக்கத்தில் அந்த அறையே கிடையாது.

இங்கே இருப்பவர் பகுதிநேர நிருபர். இன்னொரு பிழைப்பும் வைத்திருப்பார். ஜெராக்ஸ் கடையோ இன்ஷூரன்ஸ் ஏஜென்சியோ தென்னந்தோப்போ இருக்கும். 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், யாருக்குப் பத்திரிகை முதன்மைத் தொழிலோ அவரே பத்திரிகையாளர் என்று வரையறுத்தது. எங்கள் நிருபர்களில் அந்த வரையறைக்குள் வருகிறவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஹிந்திப் பத்திரிகைகளின் பெருக்கத்தைப் பற்றி செவந்தி நைனன் 2007-இல் எழுதிய 'ஹெட்லைன்ஸ் ஃப்ரம் தி ஹார்ட்லாண்ட்' நூலில் இந்த மனிதரைப் பார்க்கலாம். செய்தி அனுப்புகிறவரே விளம்பரமும் பிடிக்கிறார், சில இடங்களில் பத்திரிகையும் விற்கிறார். விளம்பரக் கமிஷன்தான் வருமானம். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே பொங்கல் வாழ்த்து விளம்பரமும் வாங்க வேண்டும். தமிழ்நாட்டிலும் இது அறியாத சங்கதி அல்ல. இன்னின்னாருக்கு எவ்வளவு வருகிறது என்று கவுண்டரில் உட்காரும் எனக்குத் தெரியும். சொல்ல முடியாது. சொல்லக்கூடாது என்பது என் தொழிலின் தர்மம்.

அவர்கள் எழுதுவது என்ன? அடவிநயினார் அணை நீர்மட்டம் 132 அடியைத் தொட்டது. குற்றாலம் அருவிகளில் குளிக்கத் தடை, பின் தடை நீக்கம். வடகரைத் தோப்பில் யானை புகுந்து தென்னையைச் சாய்த்தது. நம் வட்டத்தில் இதை ஏளனமாகப் பேசுகிறவர்களுண்டு. எனக்கு ஏளனமில்லை. அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்துத்தான் நாற்றங்கால் போடுவதா வேண்டாமா என்று ஒருவன் முடிவு செய்கிறான். அந்த எண் தப்பாக இருந்தால் எழுதியவர் மறுநாள் டீக்கடையில் பதில் சொல்லியாக வேண்டும். வங்கியில் யார் கை பட்டது என்று தெரியாத தாள் கிடையாது, ஒவ்வொரு வவுச்சரிலும் ஓர் இனிஷியல் இருக்கும். டீக்கடை நிருபருக்கு அந்த இனிஷியல் மாதிரி. பெயர் அச்சில் வராவிட்டாலும் எழுதியது யார் என்று ஊருக்குத் தெரியும். பத்திரிகை ஒழுக்கம் பற்றி எத்தனையோ விதிமுறைகள் எழுதியிருக்கிறார்கள். எழுதப்பட்டவன் கைக்கெட்டும் தூரத்தில் எழுதியவன் வாழ்வதைவிடப் பெரிய விதிமுறை இல்லை என்று ஒரு வாதம் உண்டு. கவர்ச்சியான வாதம். பாதி தூரம் நானும் அதனுடன் போகிறேன்.

மீதித் தூரம் போகவிடாமல் தடுப்பது மீனாட்சிபுரம்.

1981 பிப்ரவரி 19 அன்று தென்காசி வட்டாரத்து மீனாட்சிபுரத்தில் ஏறக்குறைய 180 தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. எங்களுக்குத் தூரத்து ஊரல்ல. டில்லி, பம்பாய்ப் பத்திரிகைகளின் ஆட்கள் அந்த ஊரைத் தேடி வந்தார்கள், தலைவர்கள் வந்தார்கள். வளைகுடாப் பணம் என்பது வந்தவர்களில் பலர் கொண்டுபோன செய்தி. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் வேறு கதையைக் கேட்டார்கள். ஜார்ஜ் மாத்யூ 1982-இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் எழுதினார். அப்துல் மாலிக் முஜாஹித் 1989-இல் ஒரு புத்தகமே எழுதினார். தீண்டாமை, நித்திய அவமதிப்பு, போலீஸ் தொந்தரவு, இவற்றிலிருந்து வெளியேற ஒரு வழி என்று அந்த மக்கள் சொல்லியிருந்தார்கள். தூரத்திலிருந்து வந்த நிருபர் அவசரத்தில் காதில் வாங்காததைத் தூரத்திலிருந்தே வந்த ஆராய்ச்சியாளர் நிதானமாக வாங்கிக்கொண்டார் என்று இதை முடித்துவிடலாம். ஆனால் எனக்கு உறுத்துவது அது அல்ல. 1981-க்கு முந்திய வருஷங்களில் பக்கத்திலிருந்த நிருபர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நிருபர் இல்லாத சீமையா இது? ஆதித்தனார் 1942-இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கிக் கூலிக்காரனையும் பத்திரிகை படிக்க வைத்தார். 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'தினமலர்' 1957-இல் திருநெல்வேலிக்கே வந்துவிட்டது. அணை நிரம்பினால் ராத்திரியே செய்தி போய்விடும். ஒரு தெரு மனிதர்கள் இன்னொரு தெரு வழியாகச் செருப்புடன் நடக்க முடியாதது எந்த வருஷத்திலும் அன்றைய செய்தி ஆகவில்லை. வாசல்காப்போன் ஒதுக்கியிருப்பான் என்று நான் நினைக்கவில்லை. யாரும் எழுதி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

டீக்கடைதான் நிருபரின் நீதிமன்றம் என்கிற வாதத்துக்குத் திரும்பிப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தக் காலத்து டீக்கடைகளில் எத்தனை வகை டம்ளர் இருந்தது? தனி டம்ளரில் குடித்தவன் நிருபரைக் கூப்பிட்டு, நேற்று நீர் எழுதியது தப்பு என்று சொல்லக்கூடிய நீதிமன்றமா அது? அருகாமையை மைலில் அளந்தால் போதாது. எந்தத் தெரு என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி ஆராய்ச்சிக்குள் வந்து சேர ரொம்ப நாளாயிற்று. 1996-இல் கென்னத் கூப்பர் என்ற 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர், ஒரு தலித் பத்திரிகையாளரைச் சந்திக்க வேண்டுமென்று டில்லியில் விசாரித்தார். அவருக்கு உதவப்போன பி.என். உனியால் தேடித் தேடி யாரும் அகப்படாமல், அந்தத் தேடலையே அவ்வருஷம் நவம்பரில் 'பயனியர்' பத்திரிகையில் கட்டுரையாக எழுதினார். கூப்பர் ஓர் அமெரிக்கக் கறுப்பர். நம்மில் யாருக்கும் அதுவரை அந்தக் கேள்வி தோன்றாததற்கும் இதற்கும் சம்பந்தமுண்டு. இந்திய மொழிப் பத்திரிகைகளின் பெருக்கத்தை ஒவ்வொரு மொழியாக ஆராய்ந்த ராபின் ஜெஃப்ரி, தன் 2000-ஆம் ஆண்டு நூலில் இந்தச் சூனியத்தைக் குறிக்கிறார். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஜெ. பாலசுப்பிரமணியம் 2011-இல் எழுதியதைப் படிக்க வேண்டும். அவரே 1869 முதல் 1943 வரை தலித்துகள் நடத்திய தமிழ் இதழ்களைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கியவர். அதாவது, எழுதத் தெரியாமல் யாரும் இல்லாதிருக்கவில்லை. எழுதியதை எடுத்துப்போகிற பத்திரிகையில் இடமிருக்கவில்லை.

இங்கே ஒரு விஷயம். பத்திரிகையை விஞ்ஞானமாக ஆராய வேண்டும் என்று முதலில் திட்டம் போட்டவர்களில் ஒருவர் மாக்ஸ் வெபர். 1910-இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் சமூகவியலாளர் மகாநாட்டில், கத்தரிக்கோலும் கவராயமுமாக உட்கார்ந்து பத்திரிகைகளை அளக்க வேண்டும் என்று பேசினார். காரியம் நடக்கவில்லை. அவரே 1919-இல் அரசியலைத் தொழிலாகக் கொள்வது பற்றிய பேருரையில், சமூகம் பத்திரிகையாளனை எப்படி நடத்துகிறது என்று சொல்ல ஓர் உவமை தேடி, 'ஒருவகைப் பறைய ஜாதி' என்ற பொருளில் எழுதினார். பத்திரிகையாளர்மேல் அவருக்கு அனுதாபம்தான். நல்ல பத்திரிகையாளனின் பொறுப்பு அறிஞனுடையதைவிடக் குறைந்ததல்ல என்று வாதாடியவர். ஆனால் நம் மொழியிலிருந்து, நம் சேரிகளிலிருந்து போன அந்தச் சொல் ஐரோப்பாவில் எவ்வளவு லேசாக ஒரு உவமையாகிவிட்டது! இங்கே அது உவமையாக இருந்ததில்லை. உண்மையில் அந்தப் பெயரைச் சுமந்தவனுக்கு உவமையாக அதைத் தாங்கிய தொழிலில் நுழைவு கிடைக்கவில்லை.

இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, எல்லாத் தெருவிலும் இருக்கிறது, ஆகவே பிரச்னை தீர்ந்தது என்கிறார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவன் இறந்துபோனான். குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளில் சிதறி ஓடுகிற காட்சியை நாடே பார்த்தது. எடுத்தவர்கள் நிருபர்களல்ல, குளிக்க வந்தவர்கள். நிருபர்களுக்கு மிஞ்சியது சரிபார்ப்பது. எந்த அருவி, எத்தனை மணி, எத்தனை பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள், எத்தனை பேர் மீண்டார்கள். இது சின்ன வேலை இல்லை. ஒவ்வொரு சீசனிலும் போன வருஷத்து வெள்ளம் இந்த வருஷத்து வெள்ளமாகப் போனுக்குப் போன் தாவுகிறது. அந்தக் காட்சிக்குக் கீழே யாருடைய இனிஷியலும் இல்லை. எவனையும் டீக்கடையில் பிடித்துக் கேட்க முடியாது. கண் பெருகிவிட்டது, கடிதம் எழுதுகிறவன் குறைந்துவிட்டான்.

ஒரு ஆராய்ச்சி மாணவர் எங்கள் பக்கத்து நிருபர் ஒருவரிடம் கேள்வித்தாள் கொடுத்திருந்தார். நிருபர் வயதில் மூத்தவர், ஊருக்கே அண்ணாச்சி. பூர்த்தி செய்ய என்னைக் கூப்பிட்டார். 'புதிய தொழில்நுட்பம் என் பணியை எளிதாக்கியுள்ளது.' முற்றிலும் உடன்படுகிறேன் என்பதிலிருந்து முற்றிலும் மறுக்கிறேன் என்பது வரை ஐந்து கட்டங்கள். அண்ணாச்சி பேனாவை மூடிவிட்டார். "சோலி லேசாயிட்டு. சோலியே இல்லாமலும் ஆயிட்டு. இதுல எதுல டிக் அடிக்க?" நான் பதில் சொல்லவில்லை. தாளின் மேலே, பதிலளிப்பவரின் பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்று போட்டிருந்தது. அவர் பெயரும் ஊரும் இல்லாமல் ஓர் எண்ணாகப் போவார். மிஸ்டர் கேட்ஸும் அப்படிப் போனவர்தான். பாதுகாப்புக்காகச் செய்கிற ஏற்பாடு என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பிழைப்பு முழுதும் பெயர் அச்சேறாமல் எழுதியவருக்கு, அவரைப் பற்றி எழுதப்படும் ஒரே நூலிலும் பெயர் இல்லை. தெருவும் இல்லை. அந்தத் தாளில் ஜாதி பற்றிக் கேள்வி கிடையாது. நாகரிகம் கருதி விட்டிருக்கலாம்.

எங்கள் வங்கிக்கு வருகிற ஓர் இளைஞர் காலனித் தெருவைச் சேர்ந்தவர். வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார். இருநூறு பேருக்குச் சற்று அதிகம். எந்தப் பத்திரிகைக்கும் நிருபரல்ல, 1955 சட்டத்துக்கும் ஆராய்ச்சியாளரின் கட்டங்களுக்கும் வெளியே இருப்பவர். குழாயில் தண்ணீர் வராதது, ரேஷன் கடை திறக்காதது, நூறுநாள் வேலைக் கூலி பாக்கி, எல்லாம் போடுகிறார். ஒவ்வொன்றின் கீழும் தன் பெயர், தெரு, கதவு எண். எதற்கு இவ்வளவு விலாசம் என்று கேட்டேன். "தப்புன்னா வந்து கேக்கட்டும் சார்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாஸ்புத்தகத்தை வாங்கிக்கொண்டு நின்றவர், சும்மா பேச்சுவாக்கில், ஒரே ஒரு சமாசாரத்தை மட்டும் இன்னும் போடவில்லை என்றார். தெருவில் வட்டிக்கு விடுகிறவர்கள் பற்றி. அதில் ஒருவர் அவருடைய சித்தப்பா.