குகன் ஏறிய ஓடம்

பூசல் எழும்போது எதிரில் நிற்பவரின் நோக்கத்தை எவ்வாறு கணிப்பது? சாட்சியம் ஐயத்துக்கு இடமளித்தால் சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளிப்பது நீதிமன்ற மரபு. நம் மனமாகிய மன்றத்திலோ பெரும்பாலும் சாட்சியமே விசாரிக்கப்படுவதில்லை.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் 1956இல் கேரளத்தோடு சேர்ந்தன. தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக வாழும் அம்மலைநாட்டில், 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பூசல் வீதிக்கு வந்தது. குமுளிச் சாலை அடைபட்டது. ஐயப்ப பக்தர்கள் மாற்று வழி தேடினர். இடுக்கித் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் அஞ்சி மலையிறங்கினர். அணை உடையும் என்பது நீரை மறுக்கும் தந்திரமே என்று இப்பால் எண்ணினர். நம் உயிரைவிட அவர்களுக்குப் பாசனமே பெரிது என்று அப்பால் எண்ணினர்.

1895இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணையின் கீழே வாழ்பவன்; 1979இல் குஜராத்தின் மச்சு அணை உடைந்ததைக் கேட்டவன்; 2011இல் இடுக்கியின் நில அதிர்வுகளை உணர்ந்தவன். அவன் அஞ்சுவது நடிப்பாகுமா? அணைக்குக் கீழே ஆற்றோரம் இருக்கும் வண்டிப்பெரியாறில் தமிழ்க் குடும்பங்களும் மிகுதி. அதை நம்மில் பலர் எண்ணியும் பார்க்கவில்லை. தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டத்து உழவர் நீர் கேட்டதும் பிறர் அழிவை விரும்பியன்று.

அப்படியானால் எதையும் ஆராயாமல் நம்பிவிடலாமா? கம்பர் காட்டும் குகனைப் பாருங்கள். படையோடு கங்கைக்கரைக்கு வந்த பரதனை ஐயுற்று அவன் வெகுண்டான். மரவுரி தரித்த மேனியையும் தொழுத கைகளையும் கண்டதும் சினம் தளர்ந்தது. ஆயினும் காவலைக் கலைக்கவில்லை. வழியைக் காக்குமாறு தன் வீரர்களிடம் சொல்லிவிட்டு, தான் மட்டும் ஓடமேறி, வந்தவன் உள்ளத்தை அறியச் சென்றான். கரையில் காவல் நிற்க, ஆற்றில் ஓடம் போகிறது! இரண்டில் ஒன்றையே செய்வது நமக்கு எளிது. இரண்டையும் ஒருசேரச் செய்ததே குகனின் விவேகம்.

உச்ச நீதிமன்றம் 2010இல் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் அமைத்த குழு அவ்வோடத்தின் வேலையைச் செய்தது எனலாம். ஆராய்ந்து, 2012 ஏப்ரலில் அணை பாதுகாப்பானதே என்று அறிக்கை அளித்தது. 2014 மே 7ஆம் நாள் வந்த தீர்ப்பு 142 அடி வரை நீர் தேக்கத் தமிழகத்துக்கு வழிவிட்டது. கேரள மக்களின் அச்சம் தணிய வேண்டும் என்று மூவர் மேற்பார்வைக் குழு ஒன்றையும் அதே தீர்ப்பு அமைத்தது.