அடிப்பிடித்த பாத்திரமும் வாசனா மலமும்

பால் அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் தேய்த்தால் கரி கிளம்பிவிடும். அலுமினியத்தைச் சோடா உப்பு கறுக்கடிக்கும். அதற்குப் புளியே நல்லது. பாத்திரம் பளபளத்த பிறகும் தீய்ந்த வாடை வீட்டைவிட்டுப் போவதில்லை. புகையின் நுண்துகள்கள் திரைச்சீலையிலும் சுவரிலும் படிந்து, அங்கிருந்து மெல்லக் கசிகின்றன. கறை பிடித்த இடம் ஒன்று, வாடை குடியேறிய இடம் வேறு.

அழுக்கு நீங்கிய உயிரிலும் அதன் வாடை தங்குமா என்பது இந்திய மெய்யியலின் பழைய கேள்வி. வாசம் என்ற சொல்லுக்கே மணம், தங்கியிருத்தல் என இரு பொருள் உண்டு. மல்லிகை வாசமும் வனவாசமும் அதில் அடங்கிவிடுகின்றன. செய்த வினையும் பழகிய எண்ணமும் உள்ளத்தில் விட்டுச்செல்லும் பதிவை யோக நூலும் பௌத்தமும் வாசனை என்றே அழைத்தன.

பாலி மொழிப் பௌத்த நூலான உதானத்தில் பிலிந்தவச்சர் என்ற துறவி வருகிறார். சக துறவிகளை ‘இழிகுலத்தான்’ என்று அழைப்பது அவர் வழக்கம். முறையீடு புத்தரிடம் போனது. இடைவிடாமல் 500 பிறவிகள் அந்தணர் குடியில் பிறந்ததால் வாயில் படிந்த பழக்கம் அது, உள்ளே பகை இல்லை என்றார் புத்தர். பிற்காலப் பௌத்தர் இதிலிருந்து ஒரு வேறுபாட்டை வகுத்தனர்: விடுதலை அடைந்த துறவியான அருகதர் மன மாசுகளை அறுத்தவர், வாசனையையும் சேர்த்து அறுத்தவர் புத்தர் மட்டுமே. வசை கேட்ட துறவிகளுக்கு இந்த நுட்பம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

14ஆம் நூற்றாண்டில் அத்வைதத் துறவி வித்யாரண்யர் எழுதிய ‘ஜீவன்முக்தி விவேகம்’, மெய்யறிவு மட்டும் போதாது, மனம் ஒடுங்க வேண்டும், வாசனையும் தேய வேண்டும் என்கிறது. முதலில் தீய வாசனைக்கு மாற்றாக நட்பு, கருணை போன்ற நல்வாசனைகளைப் பழக வேண்டும். பிறகு அவற்றையும் விட வேண்டும். புகை நாறும் அடுக்களையில் சாம்பிராணி போடுவது போன்றது முதற்படி. சாம்பிராணியும் புகைதான் என்பதை மறக்காததே இந்த நூலின் சிறப்பு.

சைவ சித்தாந்தத்தில் கணக்கு இன்னும் நுட்பமானது. உயிரின் அழுக்கை அது மலம் என்கிறது. மலங்களில் ஆணவம் செம்பில் களிம்பு போல உயிரோடு தொன்றுதொட்டே இருப்பது. கன்மமும் மாயையும் பின்னர் வந்து சேர்பவை. அடிப்பிடித்த பாலும் வந்து சேர்ந்ததே என்பதால், ஆணவத்துக்கு அது உவமையாகாது. ஆனால் மலம் கழன்ற பிறகும் எஞ்சும் பழக்கம் ஒன்றைச் சித்தாந்தம் வாசனா மலம் என்கிறது. பெருங்காயம் வைத்த பாண்டத்தைக் கழுவிய பிறகும் மணம் வீசுவதை அதற்கு உவமை காட்டுவர். சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 12ஆம் நூற்பா, மலம் கழுவியவர் அடியாரோடு கூடி, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவமாகவே வழிபடுவதைச் சொல்கிறது. முத்தி பெற்றவருக்கு வழிபாடு எதற்கு என்ற ஐயத்துக்கு இங்கே விடை கிடைக்கிறது. கரியைத் தேய்த்து எடுக்கலாம். வாடைக்குத் தேய்ப்பு உதவாது, சன்னலைத் திறந்து காற்றோட்டத்தில் விடவேண்டும். அடியார் கூட்டமே அந்தக் காற்றோட்டம். உடல் இருக்கும்வரை, முன்செய்ததன் பயனை நுகர்ந்து தீர்க்கவேண்டிய நுகர்வினை உண்டு, அதன் வழியே பழைய வாசனை தலைதூக்கலாம். ஆகவே உடல் விழும்வரை அந்தச் சன்னலை அடைப்பதில்லை.