எத்தனை மணி நேரம்?

ஓர் ஏவுகணையைப் படையினரிடம் ஒப்படைக்குமுன் அதனைச் சோதித்தறிய வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின், சோதித்தவருடைய கடமை எவ்விடத்தில் முடிகிறது? 1991-ம் வருடம் பிப்ரவரி மாதம் 25-ந் தேதி இரவு, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் நேர்ந்ததைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அமெரிக்கப் படையின் 'பேட்ரியட்' என்னும் தற்காப்பு ஏவுகணை அங்கே நிறுத்தப்பட்டிருந்தது. முதலில் அது விமானங்களை வீழ்த்தவே வகுக்கப்பட்டது. ஓரிடத்தில் சில மணி நேரம் நின்று வேறிடம் பெயர்வதே அதன் முறை. போரிலோ, அதனினும் பன்மடங்கு விரைந்து வரும் 'ஸ்கட்' ஏவுகணைகளைத் தடுக்கும் வேலை அதற்கு இடப்பட்டது. அன்றிரவு அது 100 மணி நேரத்திற்கு மேல் ஓய்வின்றி இயங்கிக் கொண்டிருந்தது. அதன் கணிப்பொறி, காலத்தை விநாடியின் பத்திலொரு பங்குகளாக எண்ணி வந்தது. பத்திலொன்று அப்பொறியின் கணக்கில் முடிவின்றி நீளும் பின்னம். ஓரளவில் வெட்டித்தான் வைக்க இயலும். வெட்டுண்ட அணுவளவு பிழை சேர்ந்து சேர்ந்து, நூறு மணி நேரத்தில் விநாடியின் மூன்றிலொரு பங்காயிற்று. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பொறி வெறும் வானத்தைத் தேடிக்கொண்டிருக்க, ஸ்கட் போர்வீரர் தங்குமிடத்தில் விழுந்தது. 28 பேர் மாண்டனர்.

இது அறியாமையின் விளைவாயின் நாம் வாளாவிருப்போம். அவ்வாறன்று. எட்டு மணி நேர இயக்கத்திலேயே குறி நூற்றுக்கு 20 பங்கு விலகுவதாக இஸ்ரேலியர் கண்ட கணக்கு, பிப்ரவரி 11-ந் தேதியே பொறுப்பாளர் கைக்கு வந்துவிட்டது. 21-ந் தேதி அவர்கள் படையினர்க்கு ஓர் எச்சரிக்கையும் விடுத்தனர்: 'மிக நீண்ட நேரம்' இயக்கினால் குறி பிசகலாம் என்று. எத்தனை மணி நேரம்? அது கூறப்படவில்லை. அவ்வளவு நேரம் எவரும் இயக்கார் என்று எண்ணிக்கொண்டார்களாம்! நிறுத்தி மீண்டும் துவக்கினாலே பிழை நீங்கியிருக்கும். ஓரிரு நிமிட வேலை.

எச்சரிக்கை எழுதியவர் பொய்யுரைக்கவில்லை என்பார் உளர். மருந்துப் புட்டியில் 'மிகுதியாக உண்ணற்க' என்று மட்டும் எழுதி, அளவைத் தம் மேசைக்குள் வைத்துக்கொள்ளும் வைத்தியரும் பொய்யுரைப்பதில்லைதான். போர்க்களத்தில் நின்றவர்களே வினவியிருக்கலாகாதா என்றும் கேட்பர். சோதனையில் தேறியதென்ற முத்திரையைத் தாயத்துப்போல் நம்பும்படி அவர்களைப் பழக்கிய பின்னர், இப்படிக் கேட்பது நியாயமா?

திருத்திய கணக்குமுறை தஹ்ரான் வந்து சேர்ந்தது மறுநாள், 26-ந் தேதி. அந்தத் தாமதத்தை நாம் பொறுத்துக்கொள்வோம். தூரம் அதிகம், போர்க்காலம். எட்டு மணி நேரத்துக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 'மிக நீண்ட நேரம்' என்று எழுதியதைப் பொறுக்க நம்மால் இயலவில்லை.